நாய்க்குட்டி கேள்வி பதில்: கீழ போனா போகாது, மேல வந்தா சோஃபா பின்னாடி

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்க வீட்டுல நாலு மாசம் ஆன ஆண் டாஷண்ட் குட்டி இருக்கு. கோயமுத்தூர்ல ரெண்டாவது மாடி ஃபிளாட், லிஃப்ட் கிடையாது. ஒன்றரை மாசக் குட்டியா இருக்கும்போதே வாங்கிட்டு வந்தோம், இன்னிக்கு வரைக்கும் பாத்ரூம் ட்ரெயினிங் வரவே மாட்டேங்குது. மூத்திரத்த உறிஞ்சற பேட் வாங்கித் தரையில போட்டா கடிச்சுக் குதறிடுது. கீழ கூட்டிட்டுப் போனா ரொம்ப நேரம் மோந்து பாத்துட்டே நிக்கும், ஒண்ணும் போகாது, மேல வந்து கதவ சாத்தினதும் நேரா சோஃபா பின்னாடி. பூஜை ரூம் வாசல்லயும் போயிடுச்சு, மாமியார் 'யாருக்காவது குடுத்துடு'ன்னு சொல்லிட்டாங்க. திட்டியாச்சு, மூக்க அதுல தேய்ச்சும் பாத்தாச்சு, வீட்டுக்காரர் பேப்பர சுருட்டி ரெண்டு தட்டும் தட்டினார். டாஷண்ட்னாலே இப்படி அடம்தானா? (வாசகி, கோவை)

பதில்: அம்மா, மொதல்ல ஒண்ணு, குட்டிய யாருக்கும் குடுத்துடாதீங்க. இது சரியாகுற விஷயம், நாலு மாசம்ங்கறது இன்னும் குழந்தைப் பருவம்தான். நீங்க எழுதினத படிச்சதும் எனக்கு அந்த சோஃபா பின்னாடிங்கற வரிதான் கண்ணுல நின்னுச்சு, உங்க பிரச்சனையோட முடிச்சு அங்கதான் இருக்கு.

கீழ அவ்வளவு நேரம் நின்னும் போகாத குட்டி மேல வந்ததும் ஏன் போகுது? கீழ தெரு நாய் வாசனை, பைக் சத்தம், பக்கத்து வீட்டுப் பசங்க, எல்லாமே அதுக்குப் புதுசு, பயமும் ஆர்வமுமா இருக்கும்போது உடம்பு இறுகிப் போயி அடக்கிக்கும். அதவிட முக்கியமான காரணம், நீங்க எல்லாரும் பக்கத்துல நிக்கறீங்க. உங்க கண்ணு முன்னாடி போனப்பல்லாம் மூக்க தேய்ச்சிருக்கீங்க, பேப்பரால அடி விழுந்திருக்கு. நீங்க சொல்லித் தர நெனச்சது 'தரையில போகக்கூடாது'. குட்டி அதுல இருந்து கத்துக்கிட்டது 'மனுஷங்க பாக்கும்போது போகக்கூடாது, போனா ஆபத்து'. அதான் கயிறு புடிச்சு பக்கத்துல நிக்கறப்போ அடக்கி வச்சுக்கிட்டு, மேல வந்து உங்க கண்ணுல படாத மூலையா தேடிப் போயிடுது. பாவம், அதோட கணக்குல அது ரொம்ப சரியாத்தான் நடந்துக்குது. அதனால இன்னிலேர்ந்து அடி, திட்டு, மூக்கு தேய்க்கறது எல்லாத்தையும் நிறுத்துங்க, வீட்டுல இருக்கற அத்தன பேரும் நிறுத்தணும், ஒருத்தர் தட்டினாலும் மத்தவங்க பண்றது வீணாப் போகும்.

டாஷண்ட் அடமான்னா, கொஞ்சம் தனி புத்திதான். ஜெர்மனில வளைக்குள்ள பூந்து வேட்டையாடறதுக்குன்னே வளத்த இனம் இது. மண்ணுக்கடியில எஜமான் கூட வர முடியாது, முன்னேறணுமா பின்வாங்கணுமான்னு அதுவேதான் முடிவு பண்ணணும். அந்த குணம் இன்னிக்கும் இருக்கு, அதனால லாப்ரடார் மாதிரி உங்க மூஞ்சியவே பாத்துட்டு உக்காராது. ஆனா அதுக்கு லாபம் தெரியும். இங்க போனா சிக்கன் கெடைக்குதுன்னு ஒரு தடவ பிடிபட்டுச்சுன்னா அப்புறம் விடாது, அந்த அடமே உங்களுக்கு உதவி பண்ணும்.

இன்னொரு விஷயம், ஒன்றரை மாசத்துல வாங்கினதா எழுதியிருக்கீங்க. 2017-ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லல. தூங்கற எடத்த அசுத்தம் பண்ணாம தள்ளிப் போய் போகணும்ங்கற பழக்கம் தாயோடயும் கூடப் பிறந்த குட்டிங்களோடயும் இருக்கற அந்த வாரங்கள்லதான் படியும், எந்த மாதிரி தரையில போறதுங்கற பழக்கமும் கிட்டத்தட்ட ஏழு வாரத்துலேர்ந்து ஒன்பது வாரத்துக்குள்ளதான் உருவாக ஆரம்பிக்கும். சின்ன கூண்டுல, சிமெண்ட் தரையில, வேற வழியில்லாம தான் படுத்த எடத்துலயே போயிப் பழகின குட்டிக்கு உங்க வீட்டு வழுவழு டைல்ஸ்தான் கக்கூஸ் மாதிரி தோணும், புல்லும் மண்ணும் காலுக்கு விநோதமா இருக்கும். இனி வாங்கப் போறவங்க எல்லாரும் இத மனசுல வச்சுக்கோங்க. குட்டி எங்க வளந்துச்சு, அந்த எடம் சுத்தமா இருக்கா, தாய் கூட இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

சரி, இப்ப என்ன பண்ணணும். ஒரே வரில சொல்லணும்னா வீட்ட சின்னதாக்குங்க. மூணு நாலு கிலோ இருக்கற குட்டிக்கு உங்க ரெண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒரு மைதானம், அது படுக்கற ஹால் மூலைதான் அதுக்கு வீடு, சோஃபா பின்னாடியும் பூஜை ரூம் பக்கமும் 'வெளிய'. பெரிய நாய்க்கு முழு வீடும் சீக்கிரம் தன்னோட எடம்னு புரிஞ்சிடும், சின்ன ப்ரீட் குட்டிக்கு அதுக்கு மாசக்கணக்கா ஆகும். சின்ன ப்ரீட்ங்க ட்ரெயின் ஆக லேட்டாகுதுன்னு எல்லாரும் சொல்றதுக்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொண்ணு, பெரிய நாய் போனா ஒரு குளமே நிக்கும், உடனே கவனிப்போம், இது போற ரெண்டு ஸ்பூன் கண்ணுலயே படாது, காஞ்சு போயிடும், வாசனை மட்டும் தங்கிடும், திரும்ப அங்கயே போகும்.

அதனால ஒரு ப்ளேபென்னோ (குட்டிய சுத்தி வைக்கற சின்ன வேலி) பேபி கேட்டோ வாங்கி ஹால்ல ஒரு மூலைய மட்டும் அதுக்குக் குடுங்க. உள்ள படுக்கை, தண்ணி, ஒரு பொம்மை. நீங்க கவனிக்க முடியாத நேரம் பூரா அது அங்கதான். வெளிய விடறப்போ லீஷ மாட்டி உங்க இடுப்புல கட்டிக்கோங்க, சமையல்கட்டுல நின்னாலும் அது உங்க காலடிலயே இருக்கும், நைசா நழுவி சோஃபா பின்னாடி போக முடியாது. இது கொடுமை கிடையாது, குட்டிக்கு உங்க கூடவே இருக்கறதுதான் சந்தோஷம்.

அப்புறம் நேரம். குட்டியோட வயசு எத்தன மாசமோ அதோட ஒண்ணு கூட்டினா அத்தன மணி நேரம் அடக்கும்னு ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க, உங்க குட்டிக்கு அஞ்சு மணி நேரம் வருது, ஆனா அது தூங்கறப்போதான், அதுவும் சின்ன ப்ரீட்ல இன்னும் கொஞ்சம் கம்மிதான். முழிச்சு ஓடியாடறப்போ ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ தூக்கிட்டுப் போயிடுங்க. தூங்கி எந்திரிச்ச உடனே, சாப்பிட்ட உடனே, விளையாடி முடிச்ச உடனே, இந்த மூணு நேரத்துல கண்டிப்பா போகும், இத விட்டுடவே விட்டுடாதீங்க. டூ பாத்ரூம் சாப்பிட்ட அஞ்சு நிமிஷத்துலயும் வரலாம், அரை மணி கழிச்சும் வரலாம், உங்க குட்டியோடது எதுன்னு ரெண்டு நாள் ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சா தெரிஞ்சிடும். விளையாடிட்டே இருக்கற குட்டி சட்டுனு பொம்மைய போட்டுட்டு, மூக்க தரையில வச்சு மோந்துக்கிட்டே அரைவட்டமா சுத்தும், பின்னங்கால் ரெண்டும் லேசா அகலும், அந்த நொடில தூக்கணும். அதுக்கு மேல உங்களுக்கு டைம் கிடையாது.

எங்க தூக்கிட்டுப் போறதுங்கறது அடுத்த கேள்வி. தடுப்பூசி கோர்ஸ் முடிஞ்சுதான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிங்க உயிருக்கே ஆபத்தான ரெண்டு வைரஸ் நோய்க்கான ஊசி பதினாறு வாரம் வரைக்கும் போகும், ரேபிஸ் ஊசி மூணு மாசத்துல. அது முடியாம தெரு நாய் போற எடத்துல எறக்கி விடாதீங்க, பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். லிஃப்ட் இல்லாத ரெண்டாவது மாடிங்கறதால என்னோட அபிப்ராயம் பால்கனிலயே ஒரு எடம் வைங்க. அகலமான பிளாஸ்டிக் ட்ரே, அதுல மண்ணு போட்டு நிஜமான புல்லு பத்தை வச்சா ரொம்ப நல்லது, இல்லன்னா செயற்கைப் புல் போட்டு தினமும் கழுவுங்க. பேட் அதுக்குத் துணி பொம்மை மாதிரி இருக்கறதாலதான் கிழிக்குது, மேல கம்பி வலை மாதிரி மூடி வர்ற ட்ரே கெடைக்குது, அதுல பேட் அடியில போயிடும், கடிக்க முடியாது. பேட் பழகின குட்டிக்கு மிதியடியும் பாத்ரூம் மேட்டும் பேட் மாதிரியேதான் தெரியும், ரெண்டு மூணு மாசத்துக்கு அத எல்லாம் சுருட்டி மேல போட்டுடுங்க. கீழ கூட்டிட்டுப் போறதும் வேணும்தான், தெரு பழகணும், ஆனா படிக்கட்டுல நடக்க விடவே விடாதீங்க. டாஷண்டோட நீளமான முதுகுல டிஸ்க் நழுவற வியாதி வர வாய்ப்பு அதிகம், படி ஏறி எறங்கறதும் சோஃபாவுலேர்ந்து குதிக்கறதும் அதுக்கு நல்லதில்ல. ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில, முதுகு நேரா இருக்கற மாதிரி தூக்கிட்டு எறங்குங்க.

அந்த எடத்துல விட்டுட்டு நீங்க செல்ஃபோன பாத்துட்டு மொகத்த திருப்பி நில்லுங்க, பேசாதீங்க, உத்துப் பாக்காதீங்க, அதுக்கு உங்க மேல இருக்கற பயம் போற வரைக்கும் இது ரொம்ப முக்கியம். லீஷ் நல்லா நீளமா இருக்கட்டும். போக ஆரம்பிக்கும்போது ஒரே ஒரு வார்த்தைய மெதுவா சொல்லுங்க, 'சூச்சூ'வோ என்னவோ, வீட்டுல எல்லாரும் அதே வார்த்தைய சொல்லணும். நடுவுல கைதட்டி கொண்டாடினா பாதில நிறுத்திட்டு ஓடி வந்துடும், மீதிய உள்ள வந்து போகும். முழுசா முடிக்கட்டும், முடிச்ச ரெண்டு மூணு நொடிக்குள்ள, அந்த எடத்துலயே, மிளகு சைஸுக்கு வேக வச்ச சிக்கனோ பனீரோ வாயில வைங்க. உள்ள வந்து டப்பாவ தொறந்து குடுத்தா உள்ள வந்ததுக்குக் குடுத்ததா நெனச்சுக்கும். குடுத்துட்டும் ஒரு ரெண்டு நிமிஷம் நில்லுங்க, நெறைய ஆண் குட்டிங்க ரெண்டு தவணையா போகும். போகலையா, திட்டாம தூக்கிட்டு வந்து ப்ளேபென்ல விடுங்க, பத்து நிமிஷம் கழிச்சு திரும்ப. போகாம வீட்டுக்குள்ள சுதந்திரமா விடக்கூடாது, அவ்வளவுதான் ரூல்.

சோஃபா பின்னாடி இருக்கற பழைய வாசனைய எடுக்கலேன்னா இத்தனையும் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. ஃபினாயில் போட்டா நம்ம மூக்குக்குத்தான் வாசனை போகும், நாய் மூக்குக்கு அடியில இருக்கறது அப்படியே தெரியும், அதுவும் போக ஈரத் தரையில நடந்துட்டு குட்டி கால நக்கும், ஃபினாயில் வயித்துக்குள்ள போறது நல்லதே இல்ல. ப்ளீச்சிங் பவுடர் மூத்திரத்தோட சேந்தா நெஞ்சக் கமர்ற வாயு வரும், வேண்டாம். பெட் ஷாப்ல என்ஸைம் கிளீனர்னு கேட்டா குடுப்பாங்க, மொதல்ல துணியால ஒத்தி எடுத்துட்டு அத ஊத்தி அட்டைல போட்டிருக்கற நேரம் ஊற விட்டு தொடைங்க. சோஃபாவோட கால், பின்பக்கத் துணி, சுவரோட அடி வரைக்கும் தொடைக்கணும், அது ஆண் குட்டி.

சாப்பாடு நேரத்துக்குப் போகணும். நாள் பூரா தட்டு கீழயே இருந்தா எப்ப போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. மூணு வேளை, கால் மணி நேரம் வைங்க, மிச்சத்த எடுத்துடுங்க. பால் சோறு குடுக்கறீங்கன்னா நிறுத்துங்க, பசும்பால் நெறைய குட்டிங்களுக்கு ஒத்துக்காம பேதியாகும், பேதியாகற குட்டிய எந்த ட்ரெயினிங்கும் காப்பாத்தாது. பாத்ரூம் போகுதேன்னு தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்க, கோயமுத்தூர் வெயிலோ மழையோ, தண்ணி எப்பவும் இருக்கணும்.

மாமியார் விஷயம். பகல்ல வீட்டுல அதிக நேரம் இருக்கறது அவங்களாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். பூஜை ரூம் வாசல்ல இன்னிக்கே ஒரு தடுப்பு வச்சுடுங்க, அவங்க மனசு நோகறதுல நியாயம் இருக்கு. அப்புறம் அந்த சிக்கனோ பனீரோ, சைவம்னா வேக வச்ச கேரட்டோ, அவங்க கையில குடுத்து மத்தியானத் தூக்கத்துக்கு அப்புறம் பால்கனில விடற பொறுப்ப மட்டும் அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. நாயே வேண்டாம்னு சொன்ன பெரியவங்க, 'என் பேச்சுதான் கேக்குது'ன்னு பெருமையா சொல்லி என் கிளினிக்குக்கு தூக்கிட்டு வர்றத நான் அடிக்கடி பாக்கறேன்.

சின்ன ப்ரீட்ல முழுசா நம்பி வீட்ட தொறந்து விடறதுக்கு எட்டு மாசம், ஒரு வயசு கூட ஆகலாம். ஒரு மாசம் வீட்டுக்குள்ள எங்கயும் போகலன்னா இன்னொரு ரூம் தொறந்து விடுங்க, அதுவும் சரின்னா இன்னொண்ணு. மழை சீசன்ல ஒரு பின்னடைவு வரும், டாஷண்டுக்கு வயிறு தரைய தொட்டுட்டு இருக்கறதால ஈரத்துல கால் வைக்கவே புடிக்காது, பால்கனி ட்ரே மேல சாரல் படாம பாத்துக்கோங்க.

இதுக்கு நடுவுல, அரை மணிக்கு ஒரு தடவ சொட்டு சொட்டா போகுது, முக்குது, ரத்தம் கலந்திருக்கு, தூங்கறப்போ தன்னால ஒழுகுதுன்னா அது ட்ரெயினிங் பிரச்சனை இல்ல, யூரின் டெஸ்ட் எடுக்கணும், டாக்டர்கிட்ட காமிங்க.

கேள்வி: எங்க பொமரேனியன் பொண்ணு, ஆறு மாசம். வீட்டுக்குள்ள போகவே மாட்டா, வாசல் தோட்டத்துலதான். ஆனா என் வீட்டுக்காரர் ஆபீஸ் விட்டு வந்ததும் கால்ல விழுந்து உருண்டு அங்கயே ஒன் பாத்ரூம் போயிடறா. யாராவது விருந்தாளி குனிஞ்சு தொட்டாலும் அதே கதை. அவர் திட்டினா இன்னும் அதிகமாகுது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்க பொண்ணு நல்லா ட்ரெயின் ஆனவதான்மா. இது வேற, பணிஞ்சு போறப்போ தன்னால வர்றது, 'நீங்க பெரியவங்க, என்னை ஒண்ணும் பண்ணிடாதீங்க'ன்னு உடம்பால சொல்றா. திட்டினா இன்னும் பணியணும்னு நெனச்சு இன்னும் போவா, அதான் அதிகமாகுது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, உள்ள வந்ததும் அவளப் பாக்காம பேசாம ஷூவ கழட்டிட்டு நேரா உள்ள போயிடட்டும், அவ அடங்கினதுக்கு அப்புறம் பக்கவாட்டுல உக்காந்து, தலைக்கு மேல கை கொண்டு போகாம, நெஞ்சுப் பக்கம் தடவட்டும். முடிஞ்சா வர்ற நேரத்துக்கு நீங்க அவள தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போயி, அவர் அங்கயே வந்து பாக்கட்டும். விருந்தாளிகளுக்கும் இதேதான், குனிய வேண்டாம். பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள தைரியம் வந்து நின்னுடும். நம்ம ஊர்ல பொமரேனியன்னு சொல்ற பெரும்பாலான நாய்ங்க இந்தியன் ஸ்பிட்ஸ்தான், புத்திசாலி, மனுஷங்களோட குரல நல்லா படிக்கும், அதனால மெதுவா பேசினாலே போதும்.

கேள்வி: நானும் வொய்ஃபும் ஐடில இருக்கோம், வேளச்சேரி. மூணு மாச ஷிட்சு வாங்கியிருக்கோம். காலைல ஒன்பதுலேர்ந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் க்ரேட்ல (நாய்க் கூண்டு) போட்டுட்டுப் போறோம். வந்து பாத்தா உள்ளயே போயி அதுலயே உருண்டு கெடக்கு. க்ரேட் ட்ரெயினிங் ஏன் வொர்க் ஆகல? (வாசகர், சென்னை)

பதில்: தம்பி, மூணு மாசக் குட்டியால ஒன்பது மணி நேரம் அடக்க முடியாது, முடியவே முடியாது. தூங்கற எடத்துல போகக் கூடாதுங்கற அதோட சுபாவத்த தினமும் நாமளே உடைக்கறோம், அது ஒரு தடவ போயிடுச்சுன்னா திரும்ப கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம். அதுவும் இவ்வளவு சின்ன குட்டி அத்தன நேரம் சாப்பிடாம இருந்தா ரத்தத்துல சர்க்கரை கொறைஞ்சு மயங்கி விழற ஆபத்து இருக்கு, ஷிட்சு மாதிரி டாய் ப்ரீட்ங்களுக்கு, அதாவது ரொம்ப சின்ன இனங்களுக்கு, இது நிஜமான பயம். நாளைலேர்ந்து க்ரேட்ல பூட்டாதீங்க. க்ரேட்டோட கதவ தொறந்து வச்சு சுத்தி ஒரு பெரிய ப்ளேபென், ஒரு கோடில படுக்கை, மறுகோடில ட்ரே. மத்தியானம் யாராவது வந்தே ஆகணும், சொந்தக்காரங்களோ, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு மனுஷரோ, சம்பளத்துக்கு ஒரு ஆளோ, சாப்பாடு குடுத்து கொஞ்ச நேரம் விளையாடி ட்ரேல விட்டுட்டுப் போகணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் சில வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம் எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. இது எதுவுமே முடியாதுன்னா பகல்ல ஆள் இருக்கற வீட்டுக்குக் குட்டிய குடுக்கறதப் பத்தி மனசு விட்டு யோசிங்க, கோவிச்சுக்காதீங்க, குட்டிக்காக சொல்றேன். ஷிட்சுவுக்கு பின்பக்கத்து முடியையும் ஒட்ட வெட்டி விடுங்க, ஒட்டிக்கிட்டா போறதுக்கே பயப்படும்.

கேள்வி: ரெண்டு வயசு ஆண் மினியேச்சர் பின்ஷர், இத்தன நாள் ஒழுங்கா வெளிய போனவன் ஒரு வாரமா பெட் மேல போறான். புதுசா குழந்தை பொறந்திருக்கு, பொறாமையா? (வாசகி, சேலம்)

பதில்: இருக்கலாம், புது வாசனை வந்ததும் ஆண் நாய் அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா அடையாளம் வைக்கும், கருத்தடை பண்ணினா நெறைய நாய்ங்களுக்கு அது கொறையும், குழந்தை பக்கத்துல இருக்கும்போதே அவனுக்குத் தீனி குடுத்துக் கொஞ்சினா அவனுக்கும் நல்லது நடக்குதுன்னு தோணும். ஆனா ஒழுங்கா இருந்த நாய் திடீர்னு மாறினா மொதல்ல உடம்பத்தான் பாக்கணும். யூரின் இன்ஃபெக்ஷன், கல்லு, சர்க்கரை, கிட்னி எதுவா வேணா இருக்கலாம், இந்த வாரத்துக்குள்ள யூரின் டெஸ்ட்டும் ஒரு ஸ்கேனும் பண்ணிடுங்க. ஒருவேளை கால தூக்கித் தூக்கி நிக்கறான், முக்கறான், ஒரு சொட்டும் வரலைன்னா கல்லு வழில அடைச்சிருக்கலாம், அது எமர்ஜென்சி, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, அந்த நேரத்துக்கே தூக்கிட்டுப் போங்க.